டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்: மூடிய டிரெய்லரில் பைக்கையும் ஸ்கூட்டரையும் எப்படிக் கட்டுவது?

துறைமுகத்தான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். டர்பன் துறைமுகத்தில் வேலை. இப்போது ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசியில் லெனேசியாவுக்குக் குடிபோகிறோம். வீட்டுச் சாமான்களை ஏற்றும் லாரிக்காரர், "பெட்ரோல் ஊற்றிய எதையும் ஏற்ற மாட்டேன்" என்று கையை விரித்துவிட்டார். எனவே ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்றையும் மனைவியின் 125 சிசி ஸ்கூட்டரையும் நானே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

மூடிய டிரெய்லர் ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறேன். இழுப்பதற்கு ஹைலக்ஸ் பிக்கப் வண்டி இருக்கிறது. டிரெய்லரின் தகட்டில் மொத்த எடை 750 கிலோ, வெறும் எடை 390 கிலோ என்று பொறித்திருக்கிறது. தரை பிளைவுட் பலகை. நான்கு மூலைகளிலும் இரும்பு வளையங்கள் இருக்கின்றன. கடையில் ராட்செட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பல்சக்கரப் பூட்டு) வைத்த பட்டைகள் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

என் திட்டம் இதுதான்: இரண்டையும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டுக்கு மேலே குறுக்காகப் பட்டை போட்டு இறுக்கிவிடுவது. இது போதுமா? மீதி இடத்தில் கிரைண்டரையும் சமையல் கேஸ் சிலிண்டரையும் வைக்கலாம் என்கிறார் மனைவி. வான் ரீனன் மலைப்பாதையில் காற்று அடிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

லெனேசியாக்காரன்:

வாருங்கள் வாருங்கள். ஒரு யோசனை: மனைவி ஹைலக்ஸை ஓட்டட்டும், நீங்கள் என்ஃபீல்டிலேயே வந்துவிடுங்கள். ஏறத்தாழ 570 கிலோமீட்டர்தானே. வழியில் ஹாரிஸ்மித் ஊரில் ஒரு தேநீர். கட்டுகிற வேலை பாதி மிச்சம்.

பழைய இரும்பு:

லெனேசியாக்காரர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. அந்தச் சாலையில் ஓடும் லாரிகளுக்கு நடுவே குளிர்காலத்தில் 350 சிசியில் போய்வந்துவிட்டு அவர் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தம்பி, டிரெய்லரிலேயே கொண்டுபோங்கள். ஆனால் உங்கள் திட்டத்தை அப்படியே கிழித்துப் போடுங்கள்.

நான் சேட்ஸ்வொர்த்தில் பட்டறை வைத்திருந்தவன். பைக்குகளை ஏற்றி இறக்குவது தொழிலோடு சேர்ந்த வேலை. எல்லோரும் பட்டையைப் பற்றித்தான் கேட்பார்கள். பட்டை அறுந்து பைக் விழுந்ததை நான் பார்த்தது அரிது. பட்டை எதில் மாட்டியிருந்ததோ அது பிடுங்கிக்கொண்டு வந்துதான் விழும். ஆகவே முதல் வேலை, டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் படுங்கள். மேலே தெரியும் வளையத்துக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். போல்ட்டின் கால் இரும்புக் குறுக்குச் சட்டத்தைத் துளைத்து வந்து, நட்டு போட்டு முறுக்கியிருந்தால் நல்லது. பிளைவுட்டை மட்டும் துளைத்திருந்தாலும், உள்ளங்கை அளவு இரும்புத் தகடு கொடுத்து நட்டு போட்டிருந்தால் சமாளிக்கலாம். வெறும் மரத் திருகாணிகளின் கூர்முனைகள் பலகையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், அந்த வளையத்தில் ஆட்டுக்குட்டியைக்கூடக் கட்டாதீர்கள். திருகாணியைச் சுற்றிப் பலகை கறுத்து உப்பியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கையாலேயே பிடுங்கிவிடலாம்.

என் பட்டறைக்கு அப்படி ஒரு பைக் வந்தது. வாடகை டிரெய்லர், யாருடையது என்பது இங்கே வேண்டாம். மூயி ரிவர் சுங்கச்சாவடிக்கு முன்னால் வரிசையில் திடீரென்று பிரேக் போட்டிருக்கிறார்கள். பைக் விழுந்துவிட்டது. பட்டை, கொக்கி, ராட்செட் எல்லாம் புதிது மாதிரி இருந்தன. கொக்கியில் வளையமும் வளையத்தில் நான்கு திருகாணிகளும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. திருகாணியின் புரிகளில் மரத்தூள் அடைத்திருந்தது. டேங்க் நசுங்கி, கிளட்ச் லீவர் ஒடிந்து, ஹெட்லைட் போயிருந்தது. உரிமையாளர் என்னிடம் காட்டியது பட்டை வாங்கிய ரசீதை!

அடுத்தது ஸ்டாண்டு. ஓடுகிற டிரெய்லரில் பைக் தன் இரண்டு சக்கரங்களில்தான் நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் குழியில் விழும்போது முழு எடையும் அந்த இரண்டு கால்களில் இடிக்கும். முன்னே ஒரு தள்ளு தள்ளினால் ஸ்டாண்டு மடங்கியும்விடும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி இறுக்கினால், பட்டையின் இழுப்பும் பைக்கின் எடையும் சேர்ந்து ஸ்டாண்டு பொருந்தியிருக்கும் காதை வளைத்துவிடும். இரண்டையும் மடக்கிவிடுங்கள். முன்சக்கரம் நுழைந்து நிற்கும் இரும்புத் தடுப்பு ஒன்று வாங்கித் தரையில் போல்ட் போடுங்கள். அதுவும் குறுக்குச் சட்டத்தோடு சேர வேண்டும்.

சீட்டுக்கு மேலே குறுக்காகப் பட்டை போடவே போடாதீர்கள். சீட்டு பஞ்சு, அமுங்கி அமுங்கிப் பட்டை தளர்ந்துபோகும். பைக்குக்கு நான்கு பட்டைகள். முன்னே இரண்டு, பின்னே இரண்டு. முன்பட்டைகள் ஹேண்டில்பாரில் அல்ல. அதற்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டில். உங்கள் கிளாசிக்கில் ஹெட்லைட் கூட்டுக்குக் கீழே கையை விட்டால் அகப்படும். அங்கே நேரடியாகக் கொக்கியை மாட்டினால் பெயின்ட் போகும், பிரேக் குழாய் நசுங்கும். குட்டையான துணி வாரை அதில் சுற்றிவிட்டு, வாரின் காதில் கொக்கியை மாட்டுங்கள். பட்டை முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் கீழிறங்கி, தரையோடு ஏறக்குறைய 45 பாகையில் வளையத்துக்குப் போக வேண்டும். செங்குத்தாக இறங்கினால் அழுத்துமே தவிர பக்கவாட்டில் பிடிக்காது. படுத்தவாக்கில் போனால் இழுக்குமே தவிர அழுத்தாது.

பின்பட்டைகள், பின் ஷாக் அப்சார்பரின் மேல்முனை சட்டத்தில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி இறங்கட்டும். சைலன்சரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லெக் கார்டு கைக்கு வாகாக இருக்கிறது என்று அதில் மாட்டுகிறவர்கள் உண்டு. அது விழுந்தால் காலைக் காப்பாற்றச் செய்தது. பல மணி நேரம் கீழே இழுபடுவதற்கு அல்ல.

எவ்வளவு இறுக்குவது? கிளாசிக் 350-இன் முன் ஃபோர்க் 130 மில்லிமீட்டர் ஆடும். அதில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு விரற்கடைக்குச் சற்றுக் கூடுதலாக, அமுங்கினால் போதும். அமுக்காமல் கட்டினால், குழியில் விழுந்து ஃபோர்க் தானாக அமுங்கும் நொடியில் பட்டை தொய்ந்து கொக்கி நழுவும். அடியோடு அமுக்கிவிட்டால் குழி அதிர்ச்சியைத் தாங்க ஃபோர்க்கில் இடமே இருக்காது, எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலுக்கும் கேடு. இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒரு சொடுக்கு இங்கே ஒரு சொடுக்கு அங்கே என்று இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பைக் சாய்ந்தே நிற்கும். நாக்கு வைத்து மூடும் கொக்கியாக இருந்தால் இன்னும் நிம்மதி.

கேஸ் சிலிண்டர் விஷயத்தில் பேச்சே வேண்டாம். மூடிய பெட்டி, இரண்டு பெட்ரோல் டேங்க், கூடவே சிலிண்டர்! லாரிக்காரர் விவரமானவர். டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் இருந்தால் போதும். டிரெய்லரின் காற்றுத் துவாரங்களைத் துணி அடைத்து மூடாதீர்கள்.

கிரைண்டருக்கு வருவோம். 750-இல் 390 போனால் 360. என்ஃபீல்டு 195 கிலோ, ஸ்கூட்டர் 110 என்று வைத்தால் 305. மிச்சம் 55. சாய்வுப் பலகை, சக்கரத் தடுப்பு, பட்டைகள் எல்லாம் அதற்குள் வர வேண்டும். மேலும் ஒரு டிரெய்லரின் மொத்த எடை 750-ஐத் தாண்டினால் உங்கள் சாதாரண பி வகுப்பு உரிமம் செல்லாது, ஈபி வேண்டும். கிரைண்டரை ஹைலக்ஸில் வையுங்கள். கல்லைத் தனியாகக் கழற்றி வையுங்கள். அது உருண்டு ஸ்கூட்டரில் மோதினால் வீட்டில் யார் பதில் சொல்வது?

மணல்மேடு:

பெரியவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. ராட்செட் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. என் மகன் மண்பாதைப் பந்தயங்களில் ஓட்டுகிறான். டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து வாரக் கடைசிகளில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவது நான்தான். சிறிய பைக்குக்கு ராட்செட் அளவுக்கு மீறிய பலம். கையில் எவ்வளவு இறுக்குகிறோம் என்ற உணர்வே வராது. இன்னும் ஒரு சொடுக்கு, இன்னும் ஒரு சொடுக்கு என்று ஃபோர்க்கை அடியில் கொண்டுபோய் உட்கார்த்திவிடுவார்கள். நான் பயன்படுத்துவது பல் வைத்த கவ்வியில் கையால் இழுத்து இறுக்கும் பட்டை. என் உடல் எடையைப் போட்டு எவ்வளவு இழுக்க முடிகிறதோ அவ்வளவுதான் இறுகும். அது சரியாகவே இருக்கிறது. மீதி வாரை முடிச்சுப் போட்டுவிடுவேன்.

மண்பாதை பைக்குக்கு ஃபோர்க் நீளமாக ஆடும். அதனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளவான மரக்கட்டை ஒன்றைச் செருகிவிட்டு இறுக்குவோம். உங்கள் என்ஃபீல்டுக்கு அது பொருந்தாது. மட்கார்டு டயரை ஒட்டி இருக்கிறது, தகரம் நெளியும்.

ஸ்கூட்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அங்கேதான் தவறு நடக்கும். ஹேண்டில்பாரைச் சுற்றி இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் மூடி. அதன்மேல் பட்டை போட்டால் போய்ச் சேரும்போது விரிசல் விட்டிருக்கும். முன்சக்கரத்தைத் தடுப்பில் நிறுத்துங்கள். கால் வைக்கும் தளத்தில் பழைய கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் குறுக்காக ஒரு பட்டை. தளத்துக்கு அடியில் சட்டம் இருப்பதால் தாங்கும். பின்னால், சட்டத்தில் போல்ட் போட்ட கைப்பிடிக் கம்பியிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை. முன்சக்கரத்தைத் தடுப்போடு சேர்த்து ஒரு வார் கட்டினால் குதிக்காது. ஸ்கூட்டர் இலேசு என்று அசட்டையாக விடாதீர்கள். இலேசானதுதான் முதலில் துள்ளும்.

துறைமுகத்தான்:

ஐயா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. இன்று மாலை டிரெய்லரைப் போய்ப் பார்த்தேன். ஐயா சொன்னபடி அடியில் படுத்தேன். முன்பக்க வளையங்கள் இரண்டும் சட்டத்தில் போல்ட் போட்டவை. பின்பக்கம் இரண்டும் வெறும் திருகாணி! ஒன்றில் பலகை கறுத்திருக்கிறது. வாடகைக்காரரிடம் சொன்னால், "இதுவரை யாரும் குறை சொன்னதில்லை" என்கிறார். நான் துளை போடவும் அனுமதிக்கவில்லை. வேறு டிரெய்லர் தேடுவதா? இன்னொன்று: நான் வாங்கிய பட்டைகளில் நீல நிறத் துணுக்கு ஒன்று தைத்திருக்கிறது. அதில் எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை.

கணக்கன்:

நீலத் துணுக்கு என்றால் பாலியெஸ்டர் பட்டை. பச்சை என்றால் நைலான், பழுப்பு என்றால் பாலிப்ரொப்பிலீன். ஐரோப்பியத் தரப்படி வரும் பட்டைகளில் இந்த நிறங்கள்தான். உங்களுக்குக் கிடைத்தது நல்லது. நைலான் இழுத்தால் அதிகம் நீளும், நனைந்தால் இன்னும் தளரும். துணுக்கில் எல்சி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண், டெக்காநியூட்டன் கணக்கில் இருக்கும். அதை ஏறக்குறைய கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டையை எவ்வளவு இழுப்புக்குப் பயன்படுத்தலாம் என்பது அதுதான். சில மலிவான பட்டைகளின் உறையில் பெரிய எழுத்தில் அறுபடும் எடையை மட்டும் போட்டிருப்பார்கள். பயன்படுத்தத்தக்கது அதில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வது வழக்கம்.

எவ்வளவு தேவை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லாரிச் சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பிய விதி, முன்பக்கம் சரக்கு எடையில் 0.8 பங்கும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கும் தாங்க வேண்டும் என்கிறது. 195 கிலோவுக்கு முன்னோக்கி 156 கிலோ, பக்கவாட்டில் 98 கிலோ அளவு விசை. பட்டைக்கு இது பெரிய விஷயமே இல்லை. பெரியவர் சொன்ன மரத் திருகாணிக்கு இது பெரிய விஷயம்தான். அதிலும் ஒரே இழுப்பாக இல்லாமல் வழிநெடுக ஆட்டி ஆட்டி இழுக்கும்போது.

ஃபோர்க்கை அமுக்கவே வேண்டாம் என்று ஒரு முறையும் உண்டு. முன்சக்கரத்தை இறுகக் கவ்வும் தடுப்பு, பின்சக்கரத்தைத் தரையோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டை, அவ்வளவுதான். ஷாக் அப்சார்பர்கள் சாலையில் ஆடுவது போலவே ஆடிக்கொண்டு வரும். சீலுக்கு எந்தக் கேடும் இல்லை.

பழைய இரும்பு:

கணக்கரே, சக்கரத்தை மட்டும் பிடிக்கும் முறையை நான் பார்த்திருக்கிறேன். அதற்கென்றே செய்த விலையுயர்ந்த தடுப்பு இருந்தால் அருமை. வாடகை டிரெய்லரில் கடைத் தடுப்பை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் பைக்கின் மேல்பாதி ஊஞ்சலாடும். தம்பிக்கு அது வேண்டாம்.

ஷாக் அப்சார்பரே இல்லாத பைக்குகளைக் கட்டிப் பார்க்க வேண்டும் நீங்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஒரு பழைய பைக் ஓட்டம் நடக்கிறது, தெரியும்தானே? 1913 முதல் 1936 வரை இதே வழியில் நடந்த பந்தயத்தின் நினைவாக. 1936-க்குள் செய்த பைக்குகளுக்கு மட்டும். அவற்றைத் தொடக்க இடத்துக்கு டிரெய்லரில்தான் கொண்டுவருவார்கள். பின்பக்கம் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது, இரும்புச் சட்டம் நேராகச் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும். இறுக்கினால் இறுக்கினது இறுக்கினதுதான். கட்டுவதற்கு அவ்வளவு சுகமான பைக்குகள் இப்போது இல்லை. சரி, அது என் பேச்சு.

மணல்மேடு அம்மா ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னதை அப்படியே செய்யுங்கள். ராட்செட் பற்றி அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் 195 கிலோவுக்கு நான் ராட்செட்டைத்தான் எடுப்பேன், கையை அடக்கிக்கொண்டு.

தம்பி, டிரெய்லரை மாற்றுங்கள். "யாரும் குறை சொன்னதில்லை" என்பவரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. மூடிய பெட்டிதான் வேண்டும் என்று இல்லை. பைக் ஏற்றுவதற்கென்றே சக்கரப் பள்ளமும் சட்டத்தில் பற்றவைத்த வளையங்களும் உள்ள திறந்த டிரெய்லர் கிடைத்தால் மூடியதைவிட நான் அதையே விரும்புவேன். காற்று குறைவாகத் தள்ளும், பெட்ரோல் வாடை தங்காது, கண்ணாடியில் பார்த்தாலே பைக் நிற்கிறதா சாய்கிறதா என்று தெரியும். மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது கதவைத் திறந்தால்தான் தெரியும். திறந்ததில் பட்டைகளுக்கு ஒரு முறுக்குக் கொடுத்து மாட்டுங்கள். தட்டையாக விட்டால் காற்றில் படபடவென்று அதிர்ந்து தேயும். மழையில் நனைந்தால் என்ஃபீல்டு கரைந்துவிடாது.

ஏற்றும்போது டிரெய்லர் ஹைலக்ஸில் மாட்டியிருக்கட்டும். தனியாக நிற்கும் டிரெய்லரின் பின்முனையில் பைக்கை ஏற்றினால் மூக்கு மேலே தூக்கிவிடும். சாய்வுப் பலகையை டிரெய்லரோடு ஒரு வாரால் கட்டுங்கள். என்ஃபீல்டை முன்னே, சக்கரம் முன்சுவரை நோக்கி. ஸ்கூட்டரை அதற்குப் பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி, இரண்டு ஹேண்டில்பாரும் முட்டாதபடி. பாரம் சக்கர அச்சுக்குச் சற்று முன்னே விழ வேண்டும். ஏற்றி முடித்துக் கழற்றி, மூக்குக்கு அடியில் கட்டையை முட்டுக் கொடுத்து வீட்டில் இருக்கும் எடைபார்க்கும் கருவியின் மேல் இறக்குங்கள். மொத்தம் 700 கிலோ என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 70 கிலோ போல, காட்டினால் சரி. மிகக் குறைவாகக் காட்டினால் அந்த டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலை ஆட்டும். ஆட்டினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்கப் பார்க்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுங்கள்.

பட்டைகள் முதல் அரை மணி நேரத்தில்தான் தளரும். மரியான்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பாருங்கள். பிறகு மூயி ரிவர், பிறகு ஹாரிஸ்மித். வான் ரீனனில் காற்று இருக்கத்தான் செய்யும். 2024 செப்டம்பரில் அங்கே பனி கொட்டி வண்டிகள் இரவெல்லாம் நின்றன. வானிலையைப் பார்த்துவிட்டு விடியலில் கிளம்புங்கள், ஏற்றத்தில் லாரிகளை முந்தப் பறக்காதீர்கள்.

துறைமுகத்தான்:

ஐயா, திறந்த டிரெய்லர் ஒன்று பைன்டவுனில் கிடைத்துவிட்டது. வளையங்கள் சட்டத்தில் பற்றவைத்தவை, படுத்துப் பார்த்துவிட்டேன். கியரில் விடுவதா, நியூட்ரலா? அங்கே போய் இறக்கும்போது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏதாவது முறை உண்டா?

மணல்மேடு:

என்ஃபீல்டை முதல் கியரில் விடுங்கள், தம்பி. ஸ்கூட்டருக்குக் கியர் இல்லை. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

இறக்கும்போது ஸ்கூட்டரை முதலில் முடித்துவிடுங்கள். என்ஃபீல்டில் பின்பட்டைகளைக் கழற்றிவிட்டு, சைடு ஸ்டாண்டைப் போடுங்கள். அடுத்து வலப்பக்க முன்பட்டையை முழுதும் எடுத்துவிடுங்கள். இடப்பக்கப் பட்டை பைக்கை ஸ்டாண்டின் பக்கமே இழுத்துப் பிடித்திருக்கும். பிறகு இடப்பக்கம் நின்று, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அதையும் மெதுவாகத் தளர்த்துங்கள். ஃபோர்க் எழும்பும், திடுக்கிட வேண்டாம். சாய்வுப் பலகையில் தனியாக இறக்காதீர்கள். 195 கிலோ பின்னோக்கி இறங்கும்போது முன்பிரேக் மட்டும் போதாது, முன்சக்கரம் வழுக்கும். லெனேசியாக்காரரின் தேநீரை ஹாரிஸ்மித்தில் குடிக்காமல் அவர் வீட்டிலேயே குடித்துவிட்டு, ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

லெனேசியாக்காரன்:

வருகிறேன். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள்.